டியூப்லைட்டுக்குள் எட்டிப் பார்க்கும் லேசர்: கேள்வி பதில்

குளிர் பிளாஸ்மாவில் (எலக்ட்ரான்கள் பிரிந்து ஓடும், ஆனால் அதிகம் சூடாகாத வாயு) உள்ள மூலக்கூறுகளை லேசரால் ஆராய்வது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த வரையில் பதில்கள்.

பிளஸ் டூ மாணவி: பிளாஸ்மா என்றாலே பல்லாயிரம் டிகிரி என்று படித்தோம். அதில் குளிர் எங்கிருந்து வந்தது?

பழைய பாதரச டியூப்லைட் எரியும்போது கை பட்டிருக்கிறதா? வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே ஓடும் எலக்ட்ரான்களின் வெப்பநிலையோ சுமார் 11,000 கெல்வின். எலக்ட்ரான் மிக லேசானது. அணுவில் மோதும்போது, அம்மிக்கல்லில் பட்ட கோலிக்குண்டு மாதிரி தெறித்துத் திரும்பிவிடும், கல் அசையாது. அதனால் வாயு சூடாவதில்லை. ஆனால் அதே எலக்ட்ரான் மூலக்கூறை உடைக்கும், அல்லது ஆற்றலேற்றிக் கிளர்வூட்டும். எங்களுக்கு வேலை கொடுப்பதே அந்த உடைசல்கள்தான்.

முதுகலை மாணவர்: பிளாஸ்மா தானாகவே ஒளிர்கிறதே சார், அந்த நிறமாலையைப் பார்த்தால் போதாதா?

சந்தையில் கூவுகிறவர்களை மட்டும் எண்ணினால் சந்தைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்ல முடியுமா? ஒளிர்பவை கிளர்வுற்ற மூலக்கூறுகள் மட்டுமே. அவை மிகச் சிறுபான்மை. மற்றதெல்லாம் அடிநிலையில், அதாவது ஆற்றல் ஏறாமல், சத்தமில்லாமல் கிடக்கிறது. ஒளி கூடினால் மூலக்கூறு கூடியதா, எலக்ட்ரான் கூடியதா என்பதும் தெரியாது.

மூலக்கூறு உறிஞ்சும் அலைநீளத்தில் லேசரை அனுப்பி, மறுமுனையில் எவ்வளவு குறைந்து வருகிறது என்று அளந்தால் எண்ணிக்கையே கிடைத்துவிடும். மூலக்கூறின் சுழற்சியால் நிறமாலையில் அருகருகே தோன்றும் இரண்டு கோடுகளை ஒப்பிட்டால் வாயுவின் வெப்பநிலையும் கிடைக்கும்.

இன்னொருவர்: எந்த லேசர் வாங்கலாம்?

எந்த மூலக்கூறு என்று முதலில் சொல்லுங்கள்! கார்பன் டை ஆக்சைடுக்கு 4.3 மைக்ரோமீட்டர், கார்பன் மோனாக்சைடுக்கு 4.7, மெத்தில் ரேடிக்கலுக்கு (மெத்தேனில் ஒரு ஹைட்ரஜன் உடைந்து போன மிச்சம்) 16.5. எல்லாமே அகச்சிவப்பு. முன்பு இதற்கெல்லாம் ஈய உப்பு லேசர்தான். கடுங்குளிரில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். 1994இல் பெல் ஆய்வகத்தில் குவாண்டம் கேஸ்கேட் லேசர் பிறந்தது. இன்று அறை வெப்பநிலையிலேயே ஓடுகிறது. நைட்ரஜனுக்கு மட்டும் இந்த வழி உதவாது. இரண்டு அணுவும் ஒன்றுபோல் இருப்பதால் அகச்சிவப்பை உறிஞ்சாது. ராமன் சிதறல்தான் கதி: மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் சற்று மாறுவதை அளப்பது. 1928இல் ராமன் கல்கத்தாவில் பயன்படுத்திய பாதரச விளக்கும் ஒரு பிளாஸ்மாதான் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆய்வு மாணவர்: வளிமண்டல அழுத்தத்தில் ஓடும் பிளாஸ்மா ஜெட்டில் ஹைட்ராக்சிலை (OH ரேடிக்கல்) 282 நானோமீட்டர் லேசரால் கிளர்வூட்டி, 309க்கு அருகே ஒளிர்வை அளக்கிறேன். ஈரப்பதத்தைக் கூட்டினால் சிக்னல் விழுகிறது. ஹைட்ராக்சில் குறைந்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள், தம்பி. தனியே விட்டால் கிளர்வுற்ற ஹைட்ராக்சில் சுமார் 700 நானோநொடி வாழும். வளிமண்டல அழுத்தத்தில், நீராவியும் ஆக்சிஜனும் இடித்துத் தள்ளுவதால் சில நானோநொடிதான். ஒளிர்வதற்குள் ஆற்றல் பறிபோகிறது. உண்மையில் ஹைட்ராக்சில் கூடியிருந்தும் சிக்னல் குறையலாம். வேகமான கண்டறிகருவியால் ஒளிர்வு எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்று ஒவ்வொரு ஈரப்பதத்திலும் அளந்து, அதை வைத்துத் திருத்துங்கள்.

இன்னொரு பொறி: ஜெட்டில் ஓசோன் இருந்தால் உங்கள் லேசரே அதை உடைத்து, வரும் ஆக்சிஜன் அணு நீராவியோடு சேர்ந்து புதிதாக ஹைட்ராக்சிலை உண்டாக்கும். லேசர் ஆற்றலைப் பாதியாக்கிப் பாருங்கள். சிக்னலும் பாதியானால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பாதிக்கும் கீழே போனால் நீங்கள் அளப்பதில் நீங்களே தயாரித்ததும் சேர்ந்திருக்கலாம்.

ஆய்வக உதவியாளர்: பிளாஸ்மாவை அணைத்து, குழாயை வெற்றிடமாக்கினாலும் கார்பன் டை ஆக்சைடு கோடு தெரிகிறது. கசிவா?

அது அறைக்காற்று. லேசர் கற்றை குழாய்க்கு வெளியே போகும் பாதை முழுவதையும் பெட்டியில் மூடி, உலர் நைட்ரஜனை ஓடவிடுங்கள். ஒருமுறை அளவு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு மதியம் முழுக்க வால்வு வால்வாகத் திறந்து தேடினேன். கடைசியில் பார்த்தால், நான் குனிந்து வால்வைப் பார்க்கும்போதெல்லாம் என் மூச்சுதான் கற்றைக்குள் போயிருக்கிறது.

ஒருவர்: மிகக் குறைவாக இருக்கும் ரேடிக்கலை உறிஞ்சுதலால் பிடிக்க முடியுமா, அண்ணா?

முடியும். 1988இல் ஓ'கீஃப், டீக்கன் என்ற ஆய்வாளர்கள் காட்டிய வழி: ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆடிகள், 99.99% பிரதிபலிப்பு. உள்ளே சிக்கிய ஒளி சுமார் 33 மைக்ரோநொடி தங்கும். அதற்குள் 10 கிலோமீட்டர் ஓடிவிடும். உள்ளே உறிஞ்சும் மூலக்கூறு இருந்தால் இன்னும் சீக்கிரம் அணையும். அணையும் நேரத்தைத்தான் அளக்கிறோம், எனவே லேசரின் பிரகாசம் ஏறி இறங்கினாலும் கவலையில்லை. ஆடிகள்தான் தலைவலி. மெத்தேன் பிளாஸ்மா என்றால் ஆடிமேல் கரிப்படலம் படியும், 99.99 போய்விடும். ஆடிக்கு முன்னால் ஆர்கானை மெல்ல ஊதிக்கொண்டிருங்கள்.