438-இலிருந்து 395-க்கு இறங்கினால் என்ன அர்த்தம்?

வணக்கம் அம்மா.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீட் மாதிரித் தேர்வுகளில் மகள் முதலில் 412 வாங்கினாள், அப்புறம் 438, போன ஞாயிறு 395. ஒவ்வொன்றையும் சமையலறை நாள்காட்டியில் குறித்து வருகிறீர்கள். 395 என்று எழுதும்போது வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறீர்கள். அன்று இரவு அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள் என்ற வரிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

முதலில் அந்த 43 மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்ப்போம். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு மைனஸ் 1. அதனால் சரியாகப் போட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி தவறாகிப் போனால் 5 மதிப்பெண் போகும். அப்படி 9 கேள்வி புரண்டாலே 45. 180 கேள்வியில் வெறும் 9. அவளுக்குப் பிடிபடாத ஒரு பாடத்திலிருந்து அந்த வாரம் நாலைந்து கேள்வி கூடுதலாக வந்திருக்கலாம். அதற்காகப் பிள்ளை படிப்பதையே விட்டுவிட்டாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் 420 வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி 120 கேள்வி மட்டும் எழுதி, அதில் 108 சரி, 12 தவறு. இன்னொருவன் 180-ஐயும் எழுதி, 120 சரி, 60 தவறு. இரண்டு பேருக்கும் வருவது 420தான். ஆனால் முதல் பிள்ளை தொட்டதையெல்லாம் நன்றாகச் செய்கிறாள். நேரம் போதவில்லையா, சில பாடங்களைத் தொடவே இல்லையா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு நேரம் பிரச்சினையே இல்லை. அந்த 60-ம் ஏன் தவறின என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவருக்குச் சொல்லும் யோசனை இன்னொருவருக்குக் கெடுதலாகக்கூட முடியும். நாள்காட்டியில் எழுதும் 420 இதில் எதையும் உங்களுக்குக் காட்டாது.

மதிப்பெண்ணே முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கலந்தாய்வில் இடம் கொடுப்பது தரவரிசைதான். ஆனால் அந்த எண் பாதிதான் அவள் கையில் இருக்கிறது. மீதி, கேள்வித்தாளின் கையில். 2024-இல் 720-க்கு 720 வாங்கியவர்களே பலர் இருந்தார்கள். 2025-இல் தாள் கடினமாக வந்தது, நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் வாங்கியது 686. பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண்ணும் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. ஒரே ஆண்டில் அளவுகோல் இவ்வளவு நீண்டு சுருங்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வின் எண்ணை வைத்து ஒரு பெண்ணை எடைபோடுவது நியாயமா?

சதுரங்கம் ஆடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அது எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதிக்கொண்டே ஆடுவார்கள். முடிந்ததும் பெரும்பாலும் எதிராளியோடே உட்கார்ந்து, எந்த இடத்தில் சறுக்கியது என்று காய்களைத் திரும்ப வைத்துப் பார்ப்பார்கள். 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கு ஆடிய நம் சென்னைப் பையன் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். பதினொன்றாவதில் வென்று முன்னுக்கு வந்து, அடுத்த ஆட்டத்திலேயே மறுபடி தோற்றார். கடைசி, பதினான்காவது ஆட்டத்தில் வென்று பட்டம் வாங்கினார். தோற்ற ஒவ்வொரு முறையும் அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகி மறுபடி பலகைக்கு முன்னால் போய் உட்கார வேண்டியிருந்ததே, அதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும். ஒரு சாதாரண நோட்டு போதும். தேர்வு முடிந்த மறுநாள் காலை, தவறிய கேள்விகளையும் விட்ட கேள்விகளையும் மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: பாடமே தெரியாதவை, தெரிந்தும் தவறியவை, நேரமில்லாமல் விட்டவை. தெரிந்தும் தவறியவற்றை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ‘சரியல்லாத கூற்று எது’ என்பதைச் ‘சரியான கூற்று’ என்று படித்தாளா, அலகை மாற்ற மறந்தாளா, ஓஎம்ஆர் தாளில் வட்டம் மாறிப்போனதா? நான்கு தேர்வுக்கு எழுதினால் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். ‘எனக்கு இயற்பியலே வராது’ என்ற பெரிய பயம், ‘மின்னோட்டவியலில் சுற்றுக் கணக்கு தடுமாறுகிறது’ என்ற சின்ன வேலையாக மாறிவிடுகிறது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 2025 தேர்வு மதியம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிந்தது. சாப்பிட்டதும் கண் சொக்கும் நேரம் அது. வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில், ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டமிட்டு எழுதட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன் அம்மா. வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதே “எவ்வளவு வரும்?” என்று கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள். அன்று எதுவும் பேச வேண்டாம். மறுநாள், “எந்தக் கேள்வியில ரொம்ப நேரம் போச்சு?” என்று கேளுங்கள். உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை, அவள் சொல்வதைக் கேட்டால் போதும். பயிற்சி மையம் வாட்ஸாப்பில் அனுப்பும் தரவரிசைப் பட்டியலை அவள் அப்பா உறவினர்களுக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் மறக்காமல் விண்ணப்பம் போடுங்கள். தமிழ்நாட்டு மாநில இடங்களுக்கு அவை இரண்டும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். வேறு கதவும் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் அவளுக்குத் தேர்வறையில் கை நடுங்காது.

அடுத்த தேர்வு முடிந்ததும் கேள்வித்தாளையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். மதிப்பெண்ணை என்னிடம் சொல்ல வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம்.