பஸ் கண்டக்டர் ஊதும் ஒரு விசில், இரண்டு விசிலுக்கு என்ன அர்த்தம்? ஏன் விசில்?

ஒரு விசில் என்றால் நிறுத்து, அடுத்தடுத்து இரண்டு என்றால் கிளம்பு. காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில், பின்படியில் ஏறும் பாட்டியின் இரண்டாவது காலும் உள்ளே வந்ததைப் பார்த்த பிறகே நல்ல கண்டக்டர் இரட்டை விசில் கொடுப்பார். அந்தச் சத்தத்தை நம்பித்தான் டிரைவர் வண்டியை எடுக்கிறார்.

கத்தினால் போதாதா? போதாது. இன்ஜின் இரைச்சல் தாழ்ந்த சுருதி, விசில் உச்ச சுருதி. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் சுமார் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையுள்ள, விசில் போன்ற உச்ச ஒலிகளைத்தான். தவில் எவ்வளவு முழங்கினாலும் நாதஸ்வரம் தனியாகக் கேட்கிறதே, அப்படி.

விசிலுக்குள்ளே உருளும் உருண்டைதான் சத்தம் போடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஊதும் காற்று துளையின் கூர்மையான விளிம்பில் மோதி அதிர்வதால்தான் ஒலி வருகிறது. உருண்டை அதை விட்டுவிட்டு நடுங்க வைக்கிறது, அவ்வளவே.