2√18 என்று எழுதினால் ஏன் பாதி மதிப்பெண்?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகள் தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். √72-ஐச் சுருக்கச் சொன்னதற்கு 2√18 என்று எழுதினாள். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. பொள்ளாச்சியில் படிக்கும் அவள் அத்தை மகன் 6√2 என்கிறான். கால்குலேட்டரில் இரண்டுக்கும் ஒரே விடைதான் வருகிறது. பின்னம் வந்தால் இன்னும் குழம்புகிறாள். டியூஷனில் சேர்த்துவிடலாமா?

பதில்: உங்கள் மகள் எழுதியது தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டாள். 72-லிருந்து 4-ஐப் பிரித்து, அதன் மூலமான 2-ஐ வெளியே எடுத்தாள். மிச்சமிருக்கும் 18-க்குள் இன்னும் ஒரு 9 இருக்கிறதே! அதையும் எடுத்தால் 3 வெளியே வரும். 2×3√2, அதாவது 6√2. உள்ளே 1-ஐத் தவிர வேறு முழு வர்க்கக் காரணி (4, 9, 16 போல, ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது) இல்லாதபோதுதான் கணக்கு முடிந்தது.

கண்ணுக்குச் சட்டென்று தெரியாவிட்டால் பகாக் காரணிகளாக உடைக்கச் சொல்லுங்கள். 72 = 2×2×2×3×3. ஜோடிக்கு ஒன்று வெளியே வரும், ஜோடி கிடைக்காதது உள்ளேயே கிடக்கும். கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஏமாற்றாது.

சுருக்குவதால் என்ன லாபம் என்று அவள் கேட்கக்கூடும். பக்கம் 6 மீட்டர் உள்ள சதுரக் களத்தின் மூலைவிட்டம் √(36+36), அதாவது √72 மீட்டர். (இதை 6+6=12 என்று போடும் பிள்ளைகள் நிறைய. கூட்டல் இருந்தால் மூலத்தைப் பிரிக்கக் கூடாது. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும்தான் அந்தச் சலுகை.) √72 என்றால் ஒன்றும் பிடிபடாது. 6√2 என்றால் 6-ஐ 1.414-ஆல் பெருக்கிக் கிட்டத்தட்ட எட்டரை மீட்டர் என்று வாயாலேயே சொல்லிவிடலாம்.

சரி, பின்னத்துக்கு வருவோம். √(3/8)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கீழே மூலக்குறி நிற்கக் கூடாது என்பது வழக்கம். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 1-ஐ 1.414-ஆல் வகுப்பது பெரும்பாடு, 1.414-ஐ 2-ஆல் வகுப்பது சுலபம். அதனால்தான் 1/√2-ஐ √2/2 என்று எழுதினார்கள். பல பிள்ளைகள் மேலும் கீழும் √8-ஆல் பெருக்கி √24/8 என்று வந்து, அதை மறுபடி சுருக்க உட்காருவார்கள். அவ்வளவு வேண்டாம். 8-ஐ முழு வர்க்கமாக்க ஒரு 2 போதும்: √(6/16), அதாவது √6/4.

அதற்கும் முன்னால், பின்னத்தையே சுருக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. √(8/18) பார்க்கப் பயமுறுத்தும்; உள்ளே 2-ஆல் அடித்தால் 4/9, விடை 2/3. மூலக்குறியே போய்விட்டது.

டியூஷன் இதற்கு வேண்டாம். 144 வரையுள்ள முழு வர்க்கங்கள் மனப்பாடமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் √(27/48), √(5/12) இரண்டையும் கொடுங்கள். முதலாவதற்கு 3/4, இரண்டாவதற்கு √15/6 வர வேண்டும்.