வெள்ளக்கால அவசரப் பைக்கு எடை குறைவான உணவு எது?

புயல் எச்சரிக்கை வந்தால் தூக்கிக்கொண்டு கிளம்பும் பையில் மூன்று நாளைக்கு என்ன உணவு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எடையைப் பார்ப்பதற்கு முன், அடுப்பு இல்லாமல் சாப்பிட முடியுமா என்று பாருங்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமே இல்லை. சமைக்க வழியில்லாத இடத்தில் அரிசியும் நூடுல்ஸும் வெறும் சுமைதான்.

என் முதல் தேர்வு வேர்க்கடலை. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தரும். மாவுச்சத்தும் புரதமும் 4 தான். அதனால் 100 கிராம் கடலையிலேயே ஏறக்குறைய 560 கலோரி கிடைத்துவிடும். கடலை மிட்டாயாக வாங்கினால் வெல்லமும் சேரும், பொட்டலமும் கச்சிதம். அடுத்து அவல். பச்சைத் தண்ணீரில் ஊறினாலே போதும், ஆனால் அது குடிக்கத் தகுந்த தண்ணீராக இருக்க வேண்டும். அரை கிலோ கடலை மிட்டாய், அரை கிலோ அவல், கால் கிலோ பொட்டுக்கடலை: மொத்தம் ஒன்றேகால் கிலோவில் சுமார் 5,000 கலோரி. ஒருவர் மூன்று நாள் தாக்குப்பிடிக்கலாம்.

சிப்ஸ், காரச்சேவு வேண்டாம். உப்பு தாகத்தைக் கூட்டும், தண்ணீரோ அளவாகத்தான் இருக்கும். வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கட்டாயம் வையுங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் மிட்டாயைக் குறைத்து வறுத்த வேர்க்கடலையைக் கூட்டுங்கள். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்தால் கொடுக்கக் கொஞ்சம் குளுக்கோஸ் தனியாக இருக்கட்டும். கடலை நாளானால் சிக்குவாடை அடிக்கும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.