ஏரி இல்லாத லேக் வியூ ரோடு

கேள்வி: மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில் குடியிருக்கிறோம். பெயரில் இருக்கும் ஏரி எங்கே? எங்கள் மனையின் பழைய வரலாற்றை எப்படித் தேடுவது?
- வாசகர், சென்னை-33

பதில்: நுங்கம்பாக்கம் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் ஏரியை வடித்து மனை பிரிக்கத் தொடங்கினார்கள். அப்போது நீதிக்கட்சி ஆட்சி. தியாகராய நகர், பனகல் பூங்கா, உஸ்மான் ரோடு என்ற பெயர்களெல்லாம் அக்கட்சித் தலைவர்களை ஒட்டி வந்தவை. நுங்கம்பாக்கத்து லேக் ஏரியாவும் அதே ஏரிதான். 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. இவ்வளவு பெரிய நீர்நிலை பெயராக மட்டும் மிஞ்சியது நகரத்துக்குப் பெரிய இழப்பு.

உங்கள் மனைக்கு வருவோம். முதலில் மூலப்பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்தில் உள்ள செக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தைப் படியுங்கள். வாய்க்கால், கரை, தோப்பு என்று எது எல்லையாக இருந்தது என்பதை வேறெந்த ஆவணமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இசைந்தால் அவர்களுடைய பத்திரங்களையும் வாங்கி, ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். ஒரு பத்திரத்தில் 'காலி மனை' என்றிருந்த எல்லை அடுத்ததில் 'வீடு' என்று மாறியிருந்தால், அந்த வீடு எழுந்த காலம் இரண்டுக்கும் நடுவில்.

பிறகு வில்லங்கச் சான்றிதழ்: சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல். 1975 முதலான பதிவுகளைப் பெரும்பாலும் இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பலர் கதவு எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு 'வில்லங்கம் இல்லை' என்ற பதிலோடு திரும்புகிறார்கள். கதவு எண் பழையது, புதியது என்று மாறிவிட்டது. பிளாக் எண்ணும் டவுன் சர்வே எண்ணும் கொடுத்தால்தான் பதிவு அகப்படும். அலுவலக எல்லையும் மாறியிருக்கலாம். அந்தந்தக் காலத்தில் உங்கள் தெரு எந்த அலுவலகத்தில் இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருப்பெயரிலும் கவனம் வேண்டும். 1970-களின் இறுதியில் பலகைகளிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கியபோது 'டாக்டர் நாயர் ரோடு' வெறும் 'டாக்டர் ரோடு' ஆனது. இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

கடைசியாக அளவு. பழைய பத்திரம் கிரவுண்டில் பேசும்: ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். நகர நில அளவைப் பதிவேடோ சதுர மீட்டரில் இருக்கும். மாற்றிப் பார்த்தும் குறைந்தால், சாலைக்காக மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் ஏதாவது உண்டா என்று வில்லங்கத்தில் தேடுங்கள்.