குளிர்காலத்துல தோட்டத்துக்கு வர்ற பறவைகள எண்ணுனா போதாதா, எதுக்கு புடிச்சு காலுல நம்பர் வளையம் வேற மாட்டணும்?

இங்கிலாந்துல உங்களுக்கு இது முதல் குளிர்காலம், நீங்க ஜன்னல்கிட்ட நின்னு எண்ணுறீங்க, பக்கத்து வீட்டுக்காரர் வலை கட்டிப் புடிக்கிறத பாத்தா மனசு பதறுதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் மொதல்ல பதறுச்சு. இப்ப மூணு வருஷமா ஒருத்தர்கிட்ட டிரெய்னியா வளையம் போடக் கத்துக்கிட்டிருக்கேன், அதுல பாத்தத வெச்சு சொல்றேன்.

எண்ணுறத விட்டுடாதீங்க. ஆர்எஸ்பிபிங்கிற பறவைப் பாதுகாப்பு அமைப்பு 1979லருந்து ஜனவரி கடைசியில நடத்துற கணக்கெடுப்புல ஒரு மணி நேரம் உக்காந்து, ஒரே நேரத்துல அதிகபட்சமா எத்தன கண்ணுல பட்டுச்சோ அத மட்டும்தான் எழுதணும், வந்து வந்து போறத எல்லாம் கூட்டக்கூடாது. பிடிஓங்கிற பறவை ஆராய்ச்சி அமைப்பு 1995லருந்து வாராவாரம் வருஷம் பூரா எண்ண வைக்கிறாங்க. 2005க்கு அப்புறம் ட்ரைக்கோமோனோசிஸ்ங்கிற தொத்துநோய் வந்து கிரீன்ஃபிஞ்ச்ங்கிற பச்சைக் குருவி மளமளன்னு கொறைஞ்சதெல்லாம் இப்படி ஜனங்க எண்ணுனதுலதான் தெளிவா தெரிஞ்சுது, 2021ல அது இந்த நாட்டுல ரொம்பக் கவலைக்குரிய பறவைங்களோட சிவப்புப் பட்டியலுக்கே போயிடுச்சு. தீனி போடுற ஃபீடர், தண்ணிக் கிண்ணம் ரெண்டையும் வாரம் ஒரு தடவயாவது கழுவிடுங்க, கெஞ்சிக் கேக்குறேன், அந்த நோய் அங்கதான் ஒட்டிக்கிட்டு பரவுது.

ஆனா எண்ணும்போது எது எதுன்னு ஆள் அடையாளம் தெரியாது. எங்க டிரெய்னர் தோட்டத்துல ஒரே நேரத்துல ஆறேழு ப்ளூ டிட்டுக்கு (நீலமும் மஞ்சளுமா இருக்குற சின்னக் குருவி) மேல நான் பாத்ததே இல்ல, ஆனா ஒரு டிசம்பர் காலைல மட்டும் முப்பதுக்கு மேல வளையம் போட்டோம், அத்தனையும் முன்னாடி வளையம் போடாத புதுசு, அன்னிக்கு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அதே ஆறேழுதான் தினம் வருதுன்னு நெனச்சு தீனி போட்டிருக்கோம், பாத்தா ஒரு ஊரே வந்து சாப்பிட்டுப் போகுது! பிளாக்கேப்ங்கிற சின்னப் பறவையும் அப்படித்தான். கோடைல இங்க இருந்ததே போகாம தங்கிடுச்சுன்னு தோணும், ஆனா குளிருக்கு வர்றது பெரும்பாலும் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்துப் பறவைன்னு காட்டிக் குடுத்தது காலு வளையம்தான்.

கைல எடுத்தா ப்ளூ டிட் பத்து பதினோரு கிராம்தான், ஆனா நகத்தோரத் தோல அது கொத்துற கொத்து இருக்கே, அப்பா! நம்பர் போட்ட வளையத்த மாட்டி, றெக்கைய அளந்து, பழைய ஃபிலிம் ரோல் டப்பாக்குள்ள தலைகீழா விட்டு எடை போட்டு, ரெண்டு நிமிஷத்துல விட்டுடுவோம். றெக்கைல பெரிய இறகுங்களோட அடிய மூடுற சின்ன இறகு விளிம்பு பச்சையா இருந்தா இந்த வருஷக் குஞ்சு, நீலமா இருந்தா பெரிசு.

உங்க பயம் குளிர பத்தினதுன்னா அது நியாயம்தான். டிசம்பர்ல வெளிச்சம் எட்டு மணி நேரம், அதுக்குள்ள தின்னத வெச்சு பதினாறு மணி நேர ராத்திரிய ஓட்டணும், அதனால உறைபனி, மழை, காத்து இருந்தா வலைய திறக்கவே மாட்டோம், திறந்தாலும் அடிக்கடி போய் பாத்து, சாயங்காலம் அதுங்க வயிறு நெறைக்கிற நேரத்துக்கு முன்னாடியே சுருட்டிடுவோம். லைசென்ஸ் இல்லாம யாரும் இதச் செய்யக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஒரு காலைல கூட நிக்கட்டுமான்னு கேட்டுப் பாருங்க.

வளையத்தோட செத்த பறவை எங்கயாச்சும் கெடச்சா தூக்கிப் போட்டுடாதீங்க, நம்பர பிடிஓ தளத்துல பதிவு பண்ணுங்க, எங்க, எப்ப மாட்டுனதுன்னு உங்களுக்கே பதில் வரும்.