பிளாஸ்டர் கழற்றியதும் மெலிந்த தொடை: கிரியேட்டின் குடித்தால் சதை வருமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. கரைவலைத் தொழில். வள்ளத்தில் வழுக்கி விழுந்து இடது கால் முன்னெலும்பு உடைந்து, ஆறு கிழமை பிளாஸ்டர் போட்டிருந்தார்கள். கழற்றிப் பத்து நாளாகிறது. இடது தொடை நன்றாக மெலிந்துவிட்டது. ஜிம்முக்குப் போகும் மகன் கிரியேட்டின் பவுடர் வாங்கி வந்து, "இதைக் குடித்தால் சதை வந்துவிடும்" என்கிறான். அவருக்கு எட்டு வருடமாகச் சீனி வருத்தம். கொடுக்கலாமா?
- வாசகி, திருக்கடலூர், திருகோணமலை

பதில்: சகோதரி, அந்தப் பேணியை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். முதலில் அவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய, இரத்தத்தில் கிரியேட்டினினும் (இது பவுடரிலுள்ள கிரியேட்டின் அல்ல, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்த்துவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வேலையில்லாத தசையை உடம்பு வைத்துக்கொண்டிருக்காது. கால் அசையாமல் கிடந்தால், புதிய தசைப்புரதம் உருவாவது சில நாட்களிலேயே குறைந்துவிடும். ஆரோக்கியமான இளைஞர்களுக்கே காலை இரண்டு கிழமை கட்டி வைத்தால் முன்தொடைத் தசை 8 சதவீதமளவு சுருங்குகிறது. பலமோ 20 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடுகிறது. ஆகவே தொடை பருத்துவிட்டதைப் பார்த்து, 'ஆள் தேறிவிட்டார்' என்று வலை இழுக்க விட்டுவிடாதீர்கள்.

கிரியேட்டின் ஸ்டீரோயிட் அல்ல. அந்தப் பயம் வேண்டாம். நமது உடம்பே நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் செய்துகொள்கிறது. மீன், இறைச்சி சாப்பிடுவோருக்கு அதேயளவு சாப்பாட்டிலும் கிடைக்கிறது. எழும்பும்போதும் தூக்கும்போதும் தசைக்குச் சட்டென்று தேவைப்படும் சக்தியை மீள நிரப்புவது அதுதான்.

மகன் சொல்வதில் பாதி உண்மை. 2001இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குத் தாமாக முன்வந்த இளம் வயதினரின் ஒரு காலை இரண்டு கிழமை பிளாஸ்டரில் வைத்து, பின் பத்துக் கிழமை பயிற்சி கொடுத்தார்கள். பிளாஸ்டருக்குள் இருந்தபோது கிரியேட்டின் குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் தசை ஒரேமாதிரித்தான் சுருங்கியது. பயிற்சி தொடங்கிய பிறகே, குடித்தவர்களுக்குத் தசை விரைவாகத் திரும்பியது. பயிற்சி இல்லாமல் பவுடரை மட்டும் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தால், தசைக்குள் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்து நிறை கூடும்; நடக்கிற பலம் வராது.

அதனால் இன்றே தொடங்க வேண்டியது பயிற்சிதான். கட்டிலில் காலை நீட்டி இருக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, அதை முழங்காலால் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். தொடையில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், தசை இறுகுவது தெரிய வேண்டும். ஐந்து வரை எண்ணிவிட்டுத் தளர்த்தலாம். பத்துத் தடவை, நாளுக்கு நாலைந்து வேளை. மூச்சை அடக்கக் கூடாது. காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பதை எலும்பு முறிவு வைத்தியரிடம் கேட்டு, அதன்பிறகு இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கதிரையிலிருந்து எழும்பிப் பழகும் பயிற்சியைத் தொடங்குங்கள். உண்மையில் தொடையை மீட்பது அந்தப் பயிற்சிதான்.

சாப்பாட்டில் ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். சூரையோ பாரையோ நூறு கிராம் துண்டில் இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு, கிரியேட்டினும் உண்டு. காலையில் புட்டும் சம்பலும் மட்டும் என்றால் ஒரு முட்டையும் பயறும் சேருங்கள்.

இனி பரிசோதனைக்கு வருகிறேன். நெடுநாள் சீனி வருத்தம் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் பாதிக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்குச் சரியான அளவில் கிரியேட்டின் கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது உடம்பில் கிரியேட்டினினாக மாறுவதால் இரத்தப் பரிசோதனையில் அளவு கூடித் தெரியலாம். சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மின் மாத்திரையின் அளவைத் தீர்மானிக்கும் வைத்தியர் அதைப் பார்த்துக் குழம்புவார். எனவே குடிக்கத் தொடங்கினால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தில் ஏற்கெனவே பழுது இருந்தால் வேண்டவே வேண்டாம். பதவிசிறிபுர போன்ற, சிறுநீரக நோய் அதிகம் கண்ட கிராமங்களில் இருந்து வாசிப்பவர்களுக்கும் இதையே அழுத்திச் சொல்கிறேன்.

பரிசோதனை முடிவு நன்றாக இருந்து வைத்தியரும் சம்மதித்தால், நாளுக்கு 3 முதல் 5 கிராம் வெறும் கிரியேட்டின் மொனோஹைட்ரேட் போதும். ஜிம் பையன்கள் முதல் கிழமை எடுக்கும் 20 கிராம் இவருக்குத் தேவையில்லை, வயிற்றோட்டம்தான் மிஞ்சும்.

இதற்கிடையில் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, அழுத்தினால் நோகிறது என்றாலோ திடீரென மூச்சு வாங்குகிறது என்றாலோ அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.